வடிவங்களால் ஆன படங்களில் ஒளியும் நிழலும்: வாசகர் கேள்வி பதில்

கணினியில் வட்டம், சதுரம், வளைகோடு ஆகியவற்றை அடுக்கிப் படம் வரையும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒளியையும் நிழலையும் பற்றியவை இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைந்து பழகி வருகிறேன். வடிவங்கள் சரியாக அமைந்தாலும் படம் தட்டையாக இருக்கிறது. அதைப் போக்க ஒவ்வொரு வடிவத்துக்கும் கிரேடியன்ட் (ஒரு நிறம் படிப்படியாக இன்னொன்றாக மாறும் பூச்சு) கொடுத்தால், பானை, மரம், மனிதர் எல்லாமே பிளாஸ்டிக்கில் செய்தவை போலத் தெரிகின்றன. என்ன செய்வது?
வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான், படத்தில் ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கிரேடியன்ட் கொடுக்கும்போது, மென்பொருள் அந்த வடிவத்தின் அகல உயரத்துக்கு ஏற்ப அதைத் தனியாகப் பொருத்துகிறது. அடுத்த வடிவத்துக்கு மறுபடியும் தனியாகப் பொருத்துகிறது. இப்படி இருபது வடிவங்களுக்குச் செய்தால், படத்தில் இருபது விளக்குகள் வெவ்வேறு இடங்களில் எரிவதாகவே கண் எடுத்துக்கொள்ளும்.

எனவே முதல் வேலையாக, தனி லேயர் (அடுக்கு) ஒன்றில் பெரிய அம்புக்குறி ஒன்றை வரைந்து, ஒளி வரும் திசையைக் குறித்து, அந்த லேயரைப் பூட்டி வையுங்கள். படம் முடியும்வரை அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவதாக, கிரேடியன்ட்டைச் சில நாள் முழுவதுமாக ஒதுக்கி வைத்து, நிழலையும் மற்றெல்லாவற்றையும் போல ஒரு வடிவமாகவே வரையுங்கள். இந்தக் கலையில் நான் மிக உறுதியாக நம்புவது இதைத்தான். ஒரு பொருள் உருண்டையா, தட்டையா, கூர்மையானதா என்பதைக் கண்ணுக்குச் சொல்வது நிழலின் கருமை அல்ல, ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டின் வடிவம். அந்தக் கோடு சரியாக விழுந்துவிட்டால், இரண்டே நிறங்களில்கூடப் பானை உருண்டுவிடும்.

ஒரு மண்பானையை எடுத்துக்கொள்வோம். ஒளி இடப்புற மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். பானையின் வயிற்றுப் பகுதியான வட்டத்தைக் கன்ட்ரோல், டி விசைகளால் இருமுறை நகலெடுங்கள். மேலே உள்ள நகலை ஒளி வரும் பக்கமாக, அதாவது இடப்புறம் மேல்நோக்கி நகர்த்துங்கள். பிறகு இரண்டு நகல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாத் பட்டியலில் உள்ள டிஃபரன்ஸ் கட்டளையைக் கொடுத்தால், மேல் வட்டம் கீழ் வட்டத்திலிருந்து வெட்டப்பட்டு, வலப்புறக் கீழ்ப்பகுதியில் ஒரு பிறை மிஞ்சும். அதுதான் உங்கள் நிழல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதே அளவு வட்டத்தை நகர்த்தி வெட்டினால், பிறையின் முனைகள் ஒளி விழும் பக்கம்வரை நீண்டுவிடும். உருண்டையில் அப்படி நடக்காது. ஓர் உருண்டையின் சரிபாதியில்தான் ஒளி விழும் என்பதால், பிறையின் இரு முனைகளும் வட்டத்தின் விட்டம் ஒன்றின் இரு முனைகளில் நேர் எதிரெதிராக அமைய வேண்டும்; அந்த விட்டம் அம்புக்குறிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வானத்துப் பிறை நிலவை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். அதன் வெளி விளிம்பு வட்டத்தின் பாதியாகவும், உள் விளிம்பு நீள்வட்டத்தின் பாதியாகவும் இருக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் மேல் வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கி, இரு வட்டங்களும் விட்டத்தின் இரு முனைகளில் வெட்டிக்கொள்ளுமாறு வைத்தால், பிறை கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும்.

பானையின் கழுத்தும் வாயும் தனிக் கவனம் கேட்பவை. கழுத்து, தன் வலப்புறத் தோளின் மீது சிறிய நிழல் ஒன்றை விழச் செய்யும்; அது தோளின் வளைவைத் தழுவி வளைந்து செல்ல வேண்டும். வாயின் உட்புறத்திலோ எல்லாம் தலைகீழாக நடக்கும். இடப்புறமிருந்து வரும் ஒளி உள்ளே நுழைந்து வலப்புற உட்சுவரில்தான் விழும் என்பதால், வெளியே ஒளியாக இருக்கும் இடப்பக்கம் உள்ளே இருட்டாகவும், வெளியே இருட்டாக இருக்கும் வலப்பக்கம் உள்ளே வெளிச்சமாகவும் இருக்கும். இந்த ஒரு சிறு மாற்றத்தைச் சரியாகச் செய்தாலே, பானைக்குள் கை விடலாம் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடும்.

இவ்வளவும் அமைந்த பிறகு கிரேடியன்ட்டையோ, விளிம்பை மங்கலாக்கும் பிளரையோ கொண்டுவரலாம். பரப்பு ஒன்று ஒளிக்கு நேராக இருப்பதிலிருந்து எவ்வளவு திரும்புகிறதோ, அந்தக் கோணத்தின் கோசைன் அளவுக்கே அதன் மீது ஒளி விழும் என்பதை யோஹான் ஹைன்ரிக் லாம்பெர்ட் 1760ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். அதன்படி 60 டிகிரி திரும்பிய இடத்துக்குக் கிடைப்பது பாதி ஒளி. ஆனால் 0 (கறுப்பு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை செல்லும் கணினித் திரையின் எண் கணக்கில் பாதி ஒளி என்பது 255க்கு 128 அல்ல, ஏறத்தாழ 188. அதாவது ஒளிப்பக்கம் நெடுந்தூரம் வெளிச்சமாகவே நீடித்து, நிழல் தொடங்கும் கோட்டை ஒட்டித்தான் சட்டென்று இறங்குகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சீராக மங்கிச் செல்லும் கிரேடியன்ட் செயற்கையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பிறையின் உள் விளிம்பை மட்டும் மென்மையாக்கி, பானையின் வெளிக்கோட்டாலேயே அதை க்ளிப் செய்து, வெளியே வழிவதை மறைத்துவிடுங்கள். பெட்டி, சுவர், படிக்கட்டு ஆகியவற்றில் ஒரு முகம் முடிந்து அடுத்த முகம் தொடங்கும் இடத்தில் எந்த மென்மையும் வேண்டாம். மூன்று முகங்களுக்கு மூன்று அளவு வெளிச்சம் என்று வைத்தால் போதும்.

கேள்வி: நிழலுக்குக் கறுப்பு நிறத்தை எடுத்து ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) குறைத்துப் பயன்படுத்துகிறேன். படம் முழுவதும் அழுக்குப் படிந்தது போல இருக்கிறது. நிழலுக்கு எந்த நிறம் சரி?
வாசகர், மதுரை

பதில்: இதற்கு வெள்ளைச் சுவர்தான் நல்ல ஆசிரியர். வெள்ளைச் சுவரின் மீது 40 விழுக்காடு ஒப்பாசிட்டியில் கறுப்பை வைத்தால் கிடைப்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 153ஆக உள்ள வெறும் சாம்பல். வெயிலில் நிற்கும் உண்மையான வெள்ளைச் சுவரின் நிழல் அப்படி இருப்பதில்லை. நேர் வெயில் மறைக்கப்பட்ட அந்த இடத்தில், நீல வானத்திலிருந்து வரும் ஒளியும் தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியும் விழுந்துகொண்டே இருப்பதால், மேல்பகுதி நீலம் கலந்தும், தரையை ஒட்டிய பகுதி செம்மண்ணின் சாயல் ஏறியும் காணப்படும். நிழல் என்பது ஒளி இல்லாத இடம் அல்ல, முதன்மையான ஒளி மட்டும் சென்று சேராத இடம்.

கறுப்புக்குப் பதிலாக நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தை எடுத்து, லேயரின் பிளென்ட் முறையை (மேல் நிறம் கீழ் நிறத்தோடு கலக்கும் விதத்தை) மல்டிப்ளை என்று மாற்றுங்கள். இந்த முறையில் மென்பொருள் மேல் நிறத்தின் எண்ணையும் கீழ் நிறத்தின் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. மேலே 150, 140, 185 என்ற நிறம் இருந்தால், வெள்ளைச் சுவரில் அதே நிறம் அப்படியே தெரியும். 190, 104, 58 என்ற மண்பானை நிறத்தின் மீது 112, 57, 42 ஆக மாறும். கறுப்பைப் பூசியிருந்தால் பானையின் சாயல் சிறிதும் மாறாமல் வெறுமனே இருண்டிருக்கும். இப்போதோ அது ஆரஞ்சிலிருந்து சற்றுச் சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது. சுவர், பானை, தரை எல்லாவற்றின் மீதும் ஒரே நிழல் நிறம் பெருக்கப்படுவதால், அவை ஒரே வானத்தின் கீழ் இருப்பவையாக ஒன்றுகூடிவிடும். வெள்ளைச் சுவரின் நிழல் என்ன நிறமாக இருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள். அதுவே படம் முழுமைக்குமான பெருக்கு நிறம்.

மாலை வெயிலாக இருந்தால் ஒளிப்பக்கத்தை மஞ்சளுக்கும் நிழலை நீலத்துக்கும் தள்ளலாம். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளிக் காட்டும் என்பதைப் பிரான்சின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலர் செவ்ரல் 1839ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற குறை வந்தபோது, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருந்த நிறத்தில் இருந்தது என்று அவர் கண்டறிந்தார். உங்கள் நிழலிலும் இது நடக்கும். மஞ்சள் வெயிலுக்குப் பக்கத்தில் வெறும் சாம்பலே சிறிது நீலமாகத் தெரியும் என்பதால், நீலத்தை அளவாகச் சேர்த்தால் போதும்.

கேள்வி: தரையில் விழும் நிழலை எவ்வளவு பிளர் செய்ய வேண்டும்? மென்பொருளில் உள்ள டிராப் ஷேடோவையே பயன்படுத்தலாமா?
மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: டிராப் ஷேடோ, வடிவத்தின் நகலை மங்கலாக்கிச் சற்றுத் தள்ளி வைப்பது மட்டுமே. தாளுக்குச் சற்று மேலே மிதக்கும் அட்டை, பொத்தான், தலைப்பெழுத்து ஆகியவற்றுக்கு அது பொருந்தும். தரையில் நிற்கும் மனிதருக்கு அதைக் கொடுத்தால், அவர் பின்னால் உள்ள சுவரில் ஒட்டப்பட்டவராக மாறிவிடுவார். காலடியில் தரை இருப்பதே தெரியாது.

பிளரின் அளவுக்குச் சூரியனே விடை வைத்திருக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை டிகிரி. அது ஒரு புள்ளி அல்ல என்பதால்தான் நிழலின் விளிம்பு மங்குகிறது. நிழலை உண்டாக்கும் விளிம்புக்கும் நிழல் விழும் இடத்துக்கும் இடையே ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 9 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அந்த மங்கல் அகலமாகும். தென்னை மரத்தின் அடியில் நிழல் கத்தியால் வெட்டியது போலிருக்கும்; 15 மீட்டர் உயரத்தில் உள்ள கீற்றுகளின் நிழலோ, சூரியன் 45 டிகிரியில் இருக்கும்போது, கதிர் 21 மீட்டர் கடந்து வருவதால் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கியிருக்கும். எனவே ஒரே நிழல் முழுவதற்கும் ஒரே பிளர் கொடுப்பது சரியல்ல. நிழல் வடிவத்தை இரண்டு நகலாக்கி, ஒன்றைக் கூர்மையாகவும் மற்றொன்றை மங்கலாகவும் வைத்து, கூர்மையானது அடிப்பகுதியிலிருந்து மறைந்துபோகுமாறும் மங்கலானது நுனியை நோக்கித் தோன்றுமாறும் இரண்டுக்கும் எதிரெதிரான கிரேடியன்ட் மாஸ்க் (வடிவத்தைப் படிப்படியாக மறைக்கும் திரை) கொடுங்கள்.

நிழலின் நீளத்தையும் நினைத்தபடி வைக்கக் கூடாது. சூரியன் 45 டிகிரியில் இருந்தால் நிழல் பொருளின் உயரத்துக்குச் சமம். 30 டிகிரிக்கு இறங்கினால் உயரத்தைப் போல 1.73 மடங்கு. ஒரு படத்தில் மரத்தின் நிழல் நீளமாகவும் மாட்டின் நிழல் குட்டையாகவும் இருந்தால், பிழை இன்னதென்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ இடறும். இவற்றோடு, பொருள் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய அடர்ந்த கோடு ஒன்றைச் சேருங்கள். எந்த ஒளியும் எளிதில் நுழைய முடியாத அந்த இடுக்குதான் பொருளைத் தரையில் ஊன்றி நிறுத்துகிறது. நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கேள்வி: நாச்சியார்கோவில் குத்துவிளக்கை வடிவங்களால் வரைந்திருக்கிறேன். மஞ்சளும் பழுப்புமாகக் கிரேடியன்ட் கொடுத்தும் பித்தளை போல வரவில்லை. மரத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்தது போல இருக்கிறது.
வாசகி, கும்பகோணம்

பதில்: மண்ணும் மரமும் துணியும் தம்மீது விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன, மெருகேற்றிய உலோகம் அப்படிச் செய்வதில்லை, அது சுற்றுப்புறத்தைத் திருப்பிக் காட்டுகிறது. கணினி வரைகலையில் பரப்பின் ஒளியைச் சூழல் ஒளி, சிதறும் ஒளி, பளபளப்பு என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வியட்நாமியர் புய் துவாங் ஃபாங் 1970களில் உருவாக்கினார். அந்தப் பிரிவின்படி பார்த்தால், மண்பானையில் சிதறும் ஒளியே ஏறக்குறைய முழுவதும். பித்தளையில் அது மிகக் குறைவு, பளபளப்பே எல்லாம்.

ஆகவே குத்துவிளக்கின் தண்டில் ஒளியிலிருந்து இருளுக்கு மெதுவாக நகரும் கிரேடியன்ட்டை எடுத்துவிட்டு, தண்டின் நீளவாக்கில் ஓடும் பட்டைகளாகப் பிரியுங்கள். இடமிருந்து வலமாக, விளிம்பில் நடுத்தரமான பழுப்பு, அடுத்து ஒடுங்கிய மிக வெளிறிய மஞ்சள், அதை ஒட்டியே கிட்டத்தட்டக் கறுப்பாக உள்ள அடர் பழுப்பு, பிறகு அகலமான பொன் மஞ்சள், கடைசி விளிம்பில் தரையோ துணியோ எதிரொளிக்கும் செம்பழுப்பு என்று வரலாம். மிக வெளிச்சமானதும் மிக இருண்டதும் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்பதுதான் உலோகத்தின் அடையாளம். அவற்றுக்கிடையே பிளர் வேண்டாம். தண்டின் குமிழ்களில் இதே பட்டைகள் வளைந்து ஒடுங்கும். எண்ணெய்த் தட்டின் விளிம்பில் நீண்டு மெலியும்.

பளபளப்பின் நிறத்தையும் கவனியுங்கள். மெருகிட்ட மண்பாண்டத்திலோ பிளாஸ்டிக்கிலோ பளபளப்புப் புள்ளி, விளக்கின் நிறத்தையே கொண்டிருக்கும். பித்தளையில் அது பித்தளையின் மஞ்சளை ஏற்றுக்கொள்ளும். தூய வெள்ளையை ஓரிரு இடங்களில் சிறு கீற்றாக வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தம்ளரையும் இதே பட்டை முறையில் வரையலாம். நிறம் மட்டும் சாம்பலும் நீலமும் ஆகும்.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்காக, இருட்டில் எரியும் அகல் விளக்கு ஒன்றை வரைகிறேன். வட்டக் கிரேடியன்ட் கொடுத்தால் ஒளி பரவுவதாகத் தெரியாமல் மஞ்சள் வட்டம் ஒன்று ஒட்டியிருப்பதாகத் தெரிகிறது.
வாசகர், திருவண்ணாமலை

பதில்: மென்பொருள் தரும் வட்டக் கிரேடியன்ட் நடுவிலிருந்து விளிம்புவரை சீரான வேகத்தில் மங்குகிறது, சுடரின் ஒளி அப்படி மங்குவதில்லை. தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகவும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகவும், நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்றாகவும் குறையும். இதைத் திரையின் எண்களுக்கு மாற்றினால் 255, 137, 94, 71 என்று வரும். முதலில் பெரிய வீழ்ச்சி, பிறகு நெடிய மெல்லிய இறக்கம். கிரேடியன்ட்டின் ஆரத்தில் 25, 50, 75, 100 விழுக்காட்டு இடங்களில் நான்கு நிறுத்தங்களை வைத்து, இந்த எண்களுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கொடுத்து, கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் பின்னணியில் மறையச் செய்யுங்கள். இந்த வடிவத்தை ஸ்கிரீன் பிளென்ட் முறையில் வைத்தால் கீழேயுள்ள நிறங்கள் வெளுத்து ஒளி பெறும்.

ஆனால் ஒளிவட்டம் பாதி வேலைதான். விளக்கின் அருகில் உள்ள கோலம், படி, பூ, அதை ஏற்றும் கை ஆகியவற்றில் சுடரை நோக்கிய பக்கங்களில் மட்டும் வெளிச்ச வடிவங்களை வரைய வேண்டும். கையின் நிழல் சுடரிலிருந்து விலகிச் செல்லும் திசையில் விழும். இரண்டு பொருள்களின் நிழல்கள் வெயிலில் போல இணையாக ஓடாமல் விசிறியாக விரியும். சுடர் சிறியது என்பதால் கைக்கருகில் விளிம்பு கூர்மையாகவும், பின்சுவரில் பெரிதாகி மங்கலாகவும் இருக்கும். அகலின் கிண்ணமே தன் அடியில் ஓர் இருட்டு வட்டத்தை உண்டாக்கும். அதை விட்டுவிட்டால் விளக்கு எரிவதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: திரையில் அழகாகத் தெரியும் நிழல், அச்சில் கோடு கோடாகவும் சில இடங்களில் கட்டம் கட்டமாகவும் வருகிறது. ஏன்?
வாசகர், சிவகாசி

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கோடுகள் வருவது கிரேடியன்ட் நெடுந்தூரம் நீள்வதால். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. 2000 பிக்சல் அகல வானத்தில் தொடக்க நிறத்துக்கும் முடிவு நிறத்துக்கும் இடையே 20 படி வேறுபாடுதான் என்றால், ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலப் பட்டையாகிவிடும். நிற வேறுபாட்டைக் கூட்டுங்கள், அல்லது மணல்பொடி போன்ற மெல்லிய புள்ளிகளை மேலே சேருங்கள்.

கட்டங்கள் வருவது பிளரால். பிளர், மற்ற வடிவங்களைப் போல எந்த அளவிலும் கூர்மை குறையாத வெக்டர் அல்ல; கோப்பை ஏற்றுமதி செய்யும்போது அது பிக்சல் படமாக மாறுகிறது. இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் எஃபெக்ட் பட்டியலில் உள்ள ராஸ்டர் எஃபெக்ட்ஸ் அமைப்பில் தெளிவு அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று இருந்தால் அச்சில் கட்டங்கள் தெரியும், 300க்கு மாற்றுங்கள். இங்க்ஸ்கேப்பிலும் பிடிஎஃப் ஆக்கும் பெட்டியில் ஃபில்டர்களுக்கான தெளிவைத் தனியாகக் கொடுக்கலாம். இங்க்ஸ்கேப்பின் மெஷ் கிரேடியன்ட்டைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: இங்க்ஸ்கேப் கோப்புகளுக்கு அடிப்படையான எஸ்விஜி தரநிலையில் அது இடம்பெறவில்லை என்பதால் பிற மென்பொருள்களில் திறந்தால் காணாமல் போகக்கூடும். மல்டிப்ளை, ஸ்கிரீன் ஆகியவை ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) தரும் விளைவும் சிஎம்ஒய்கேயில் (அச்சு மைகளின் நான்கு நிற முறை) தரும் விளைவும் ஒன்றல்ல. அச்சுக்குப் போகும் படத்தை இல்லஸ்ட்ரேட்டரில் வரைபவர்கள் தொடக்கத்திலேயே கோப்பின் நிற முறையைச் சிஎம்ஒய்கே என்று வைத்துவிட்டு நிழல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இங்க்ஸ்கேப்பில் வரைபவர்கள், நிழல் உள்ள ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அச்சகத்தில் ஒரு சோதனை அச்சு போட்டுப் பார்த்த பிறகு முழுப் படத்தையும் கொடுங்கள்.